காது நோய்கள்

புறச்செவி, நடுச்செவி, உட்செவி ஆகிய பகுதிகளில் தோன்றும் கோளாறுகள் காது நோய்கள் எனப்படுகின்றன. வலி, சீழ், காது மந்தம், இரைச்சல், தலைச்சுற்றல் ஆகியவை இவற்றின் முக்கிய அறிகுறிகள். எந்த அறிகுறி எதனுடன் சேர்ந்து வருகிறது என்பதைக் கொண்டே நோய் இருக்கும் இடம் ஊகிக்கப்படுகிறது. வலியை வைத்து நோயின் கடுமையை எடைபோடுவது தவறு. கேட்கும் திறனைப் பறிக்கும் காது நோய்களில் பல வலிப்பதே இல்லை.

புறச்செவியில் அதிகம் காணப்படுவது குறும்பி அடைப்பு. குறும்பி இயல்பாகவே வெளியே நகர்ந்து வரும். பஞ்சுக் குச்சியும் கொண்டை ஊசியும்தான் அதைச் செவிப்பறைவரை தள்ளிவிடுகின்றன. தலைக்குக் குளித்ததும் காது திடீரென அடைத்துக்கொண்டால், குறும்பி நீரில் ஊறி உப்பியிருக்கக்கூடும். காதுமடலை இழுக்கும்போதோ, துளையின் முன்னுள்ள குருத்தெலும்பை அழுத்தும்போதோ சுள்ளென்று வலித்தால் செவிக்குழாய் அழற்சி எனக் கொள்ளலாம். பூஞ்சைத் தொற்றில் வலியைவிட அரிப்பே மிகுதி. முதிய நீரிழிவு நோயாளிக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி வந்தால், தொற்று எலும்புக்குப் பரவியுள்ளதா என உடனே பார்க்க வேண்டும்.

நடுச்செவியைத் தொண்டையின் மேற்பகுதியுடன் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடையாகவும் இருக்கிறது. அதன் வழியே தொற்று நடுச்செவிக்கு எளிதில் ஏறிவிடுகிறது; சளி பிடித்த குழந்தை இரவில் வீறிட்டு அழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்போது செவிப்பறை சிவந்து வெளிப்புறமாகப் புடைத்திருக்கும். அது கிழிந்து சீழ் வந்ததும் வலி அடங்கும். வலி அடங்கியதால் நோய் தீர்ந்தது என்று வீட்டார் நினைப்பது இயல்பு. ஆனால் ஓட்டை மூடாமல் வாரக்கணக்கில் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நடுச்செவி அழற்சி. சளி போன்ற சீழ் நிறைய வந்து, ஓட்டை செவிப்பறையின் நடுவில் இருந்தால் ஆபத்து குறைவு. கொஞ்சமாக, ஆனால் கடும் நாற்றத்துடன் வடிவதே அஞ்சத்தக்கது. செவிப்பறையின் மேற்பகுதியில் தோல் செல்கள் திரண்டு கட்டியாகி எலும்பை அரிப்பதை அது குறிக்கலாம். கவனிக்காமல் விட்டால் முகவாதமும் மூளைச் சீழ்க்கட்டியும் வரக்கூடும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்குக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வீட்டு வைத்தியம் கேடு விளைவிக்கும்.

காது மந்தம் எப்பகுதியால் வந்தது என்பதை அறிய இன்றும் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை போதுமான முதல் கருவி. 1855இல் ஹைன்ரிக் ரின்னே விவரித்த சோதனையில், அதிரும் கவையின் அடிப்பகுதியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, பிறகு கவையைக் காதருகே பிடிக்கிறார்கள். எலும்பு வழியே உரக்கக் கேட்டால் கோளாறு புறச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கலாம். வெபர் சோதனையில் கவை நெற்றியில் வைக்கப்படும். புறச்செவி, நடுச்செவிக் கோளாறில் ஒலி பழுதுற்ற காதிலும், நரம்புவழிக் கோளாறில் நல்ல காதிலும் கூடுதலாகக் கேட்கும். மந்தத்தின் அளவை ஆடியோமீட்டர் சொல்லும்.

உட்செவி நோய்களைக் கண்டறிய நோயாளி சொல்லும் கால அளவு பெரிதும் உதவும். படுக்கையில் புரளும்போது சில நொடிகளே நீடிக்கும் சுற்றல், இடம் பெயர்ந்த சுண்ணாம்புத் துகள்களால் வருவது. தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண் அசைவைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை இதை உறுதிப்படுத்தும். காதடைப்பு, இரைச்சல், மந்தம் ஆகியவற்றுடன் சுற்றல் மணிக்கணக்கில் நீடித்தால் மெனியர் நோயாக இருக்கலாம். பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர் இதை 1861இல் விவரித்தார். முதுமைச் செவிடு மெல்ல வரும்: பேச்சு காதில் விழும், சொல் புரியாது. ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரநிலை. ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமானால் பலன் குறையும்.

செவிப்பறையும் செவிக்குழாயும் நன்றாக இருந்தும் காது வலிப்பதுண்டு. அப்போது கடைவாய்ப் பல், தாடை மூட்டு, டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றை ஆராய்வார்கள். தொண்டைப் புற்றுநோய் சிலரிடம் முதலில் காதுவலியாகவே வெளிப்படுகிறது.