மத்தேரா குகைக் குடியிருப்புகள்

மத்தேரா, தெற்கு இத்தாலியின் பசிலிக்காட்டா மண்டலத்தில் கிராவினா பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்துள்ள பழமையான நகரம் ஆகும். இங்குள்ள குகைக் குடியிருப்புகள் "சாசி" எனப்படுகின்றன. இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்குக் கற்கள் என்பது பொருள்.

அமைப்பு

மென்மையான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வீடுகளும் தேவாலயங்களும் அமைக்கப்பட்டன. ஒரு வீட்டின் கூரையே மேல்வரிசை வீட்டாருக்குத் தெருவாகவும் பயன்பட்டது. பாறையில் வெட்டிய தொட்டிகளில் மழைநீர் சேமிக்கப்பட்டது.

வெளியேற்றம்

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரே குகையில் பெரிய குடும்பமும் கழுதை, கோழி முதலியனவும் சேர்ந்து வாழும் அளவுக்கு வறுமை இருந்தது. மலேரியாவும் வாட்டியது. கார்லோ லேவி 1945 இல் வெளியிட்ட நூல் இந்நிலையை நாடறியச் செய்தது. 1950 இல் பிரதமர் அல்சிதே தே காஸ்பெரி நேரில் பார்வையிட்டார். 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுமார் 15,000 பேர் புதிய வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். வசதி கிடைத்தது, ஆனால் பொது முற்றத்தைச் சுற்றி வளர்ந்த அண்டை வீட்டு உறவு சிதைந்தது.

மீட்பு

1986 ஆம் ஆண்டுச் சட்டம் சீரமைப்புக்கு வழிவகுத்தது. 1993 இல் யுனெசுகோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2019 இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கியது. நாட்டின் அவமானம் எனப்பட்ட குகைகள் பலவற்றில் இன்று பயணிகள் தங்குகின்றனர்.