ஜாடியில் பிறந்த ஈரக்காற்று

எங்கள் தாத்தா உறக்கத்திலேயே இறந்தார். ‘நல்ல சாவு’ என்றது சிறுவாச்சூர். அவருடைய குறட்டை தெருமுனை வரை கேட்கும் என்பதும், அது நடுநடுவே அற்றுப்போகும்போது பக்கத்தில் படுத்திருப்பவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள் என்பதும் எங்கள் வீட்டில் வேடிக்கைக் கதைகளாகவே வழங்கிவந்தன. அந்தச் சாவுக்கும் இந்தக் குறட்டைக்கும் முடிச்சுப்போட என்னிடம் சான்று எதுவும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அம்மா தொலைபேசியில், “அப்பாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுடா” என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அப்பா சிபாப் கருவியோடு உறங்குகிறார். இக்கட்டுரை அக்கருவியைப் பற்றியதுகூட அன்று. அதன் பக்கவாட்டில் செருகப்படும், உள்ளங்கையளவு பெரிதான ஒரு நீர்க்கலத்தைப் பற்றியது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

குறட்டையை இலக்கியம் எப்போதும் நகைச்சுவையின் பக்கம்தான் வைத்திருக்கிறது. வான்மீகத்தில் கும்பகர்ணனை எழுப்பச் சென்ற அரக்கர்கள் அவனுடைய மூச்சின் வேகத்தால் வெளியே தள்ளப்பட்டு, பெருமுயற்சி செய்தே குகைக்குள் நுழைகிறார்கள். 1836-37இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்ற பருத்த பையன் நின்றபடியே தூங்கிவிடுவான். 1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெலும் உடன்பணியாற்றியோரும், உடல் பருத்துப் பகலெல்லாம் தூங்கி வழிந்த ஒரு நோயாளியை விவரித்தபோது, அந்நோய்க்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர். பெயர் நன்றாகத்தான் இருந்தது, காரணம்தான் பிடிபடவில்லை. குருதியில் கரியமில வாயு மிகுவதால் வரும் மயக்கம் என்று கருதினர். இரவு முழுவதும் நோயாளியின் அருகிலிருந்து மூச்சைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும் என்பது 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே இயங்கிய இரு குழுவினருக்குத்தான் தோன்றியது. தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. என் பாட்டி எந்தக் கருவியும் இல்லாமல் இதை முப்பது ஆண்டுகள் பதிவுசெய்திருக்கிறாள், எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

அந்நாளில் இதற்கிருந்த நம்பகமான சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு நேர்வழி திறப்பதுதான். 1980 ஜூனில் சிட்னியில் அத்தகைய அறுவைக்கு உடன்படாத ஒரு நோயாளிக்கு, காலின் சல்லிவன் என்ற மருத்துவர் மாற்று வழி ஒன்றைச் சோதித்தார். தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பிக் காற்றை ஊதச் செய்து, மூக்கில் ஒட்டிய முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். தொண்டை மூடவில்லை, அந்த மனிதர் இரவெல்லாம் உறங்கினார். ஐந்து நோயாளிகளின் அனுபவம் 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பயன்படுத்திய அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் உயரம். ஒரு சாண் ஆழ நீரின் அடியில் உள்ள அழுத்தம்கூட இல்லை. இதைப் படித்தபோது நெடுநேரம் வேறெதிலும் மனம் செல்லவில்லை. தாத்தாவுக்கும் அவருடைய காற்றுக்கும் இடையில் இவ்வளவுதான் இருந்திருக்குமா?

அந்த முதல் கருவியில் நீர்க்கலம் பற்றிய பேச்சே இல்லை. நீர்க்கலத்தின் கதை வேறோர் இடத்தில், அதற்கும் முன்பே, தொடங்கிவிட்டது.

1960களின் இறுதியில் நியூசிலாந்தின் ஆக்லந்து மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்திவந்தவர் மாட் ஸ்பென்ஸ். குழாய் செருகிச் செயற்கை மூச்சு கொடுக்கப்படும் நோயாளிகளின் நெஞ்சுச்சளி இறுகிக் குழாயையே அடைத்துவிடுவது அவருக்குப் பெருங்கவலை. நம் மூக்கு வெறும் வாசல் அன்று. உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி, நுரையீரலை எட்டும்போது 37 பாகை வெப்பமும், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியும் உடையதாக மாற்றிவிடுகிறது. குழாய் மூக்கைத் தாண்டிப் போய்விட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். நீரைத் துளிகளாகச் சிதறடித்த பழைய கருவிகளில் துளியோடு கிருமியும் ஏறி நுரையீரலுக்குப் போனது. நீரைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பின்மீது காற்றை ஓடவிட்டால் ஆவி மட்டும் செல்லும். கிருமி ஏறிக்கொள்ள ஆவியில் இடமில்லை. ஸ்பென்ஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் அரசு ஆய்வுத்துறையின் மின்பொறியாளர் ஆல்ஃப் மெல்வில் ஒரு மாதிரிக் கருவி செய்தார். அதில் நீர்க்கலமாக வைக்கப்பட்டது, வீடுகளில் பழம் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடி ஜாடி. குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்துவந்த ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் அதை மேம்படுத்தி 1971இல் மருத்துவமனைகளுக்கு விற்கத் தொடங்கியது. ஊறுகாய் ஜாடி ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்த கதை இது என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

உறக்கக் கருவிக்கு அது வந்து சேர்ந்ததன் காரணத்தைச் சல்லிவனின் குழுவே 1996இல் விளக்கியது. காற்று மூக்கில் நுழைந்து, திறந்த வாய் வழியே கசிந்து வெளியேறும்போது மூக்கு ஓயாமல் உலர்கிறது. உலர்ந்த மூக்கு வீங்கி அடைக்கிறது. அடைத்தால் வாய் இன்னும் திறக்கிறது. வெதுவெதுப்பான ஈரக்காற்று இச்சுழலை உடைத்தது. எல்லோருக்கும் நீர்க்கலம் தேவை என்பதில்லை. அப்பா அது இல்லாமல் முதல் வாரத்திலேயே முகமூடியைக் கழற்றி எறிந்தார்.

எங்களுக்கு வந்த சிக்கல் தண்ணீரில். “இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சேதான் எழுபது வயசாச்சு” என்று சொல்லி, அவர் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிவந்தார். நான்கே மாதங்களில் கலத்தின் உலோக அடித்தட்டில் சுண்ணாம்பு பாளமாகப் படிந்துவிட்டது. எங்களுக்குக் கிழக்கே சாத்தனூரில், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. அங்கே கடல் இருந்தது. அரியலூரின் சிமெண்டு ஆலைகள் இன்றும் அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத்தான் அரைக்கின்றன. அந்தப் பழங்கடல்தான் அப்பாவின் கலத்திலும் படிந்தது என்று எழுத ஆசை. ஆனால் எங்கள் ஊர் அப்படிவுகளுக்கு மேற்கே தள்ளியிருப்பதால் ஆசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படிவு தடித்தால் சூடு நீருக்கு ஏறாது. கொதிக்கவைத்த நீரும் உதவாது, கிருமிதான் சாகுமே தவிர உப்பு போகாது. காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். பேட்டரிக்கென்று விற்கும் நீரில் உப்பு குறைவுதான் எனினும், மூச்சுக்கு ஏற்ற தூய்மை அதற்கு உண்டு என்று யாரும் உறுதி தருவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோம். காலையில் மிச்ச நீரைக் கொட்டி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து ஊறவைத்தால் லேசான படிவு கரையும். எங்களுடையது லேசானதாக இல்லை. அப்பா அதைக் கத்தியால் சுரண்டினார். விளிம்பிலிருந்த ரப்பர் கிழிந்து காற்று சீறத் தொடங்கியது.

புதுக்கலம் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. கலமில்லாமல் வறண்ட காற்றில் இரண்டு இரவு முயன்றுவிட்டு அப்பா கருவியை ஒதுக்கிவைத்தார். மிச்ச ஏழு இரவும் அம்மா உறங்கவில்லை. மதுரகாளியம்மன் இவ்வூருக்கு வந்தபோது செல்லியம்மனிடம் கேட்டது ஓர் இரவு தங்க இடம் மட்டுமே என்பார்கள். கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் அம்மா அங்கே போய் நின்றாள். மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டினாள், பாட்டி தாத்தாவைத் தட்டியதுபோல. ஒன்பதாம் நாள் நான் திருச்சியிலிருந்து கலத்தோடு பேருந்தில் வந்து இறங்கினேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விரிசலோ மங்கலோ கண்டால் அதற்கு முன்பே, கலத்தை மாற்றிவிடச் சொல்கிறார்கள். இப்போது ஒரு கலம் எப்போதும் அலமாரியில் இருக்கிறது. கருவி தலைமாட்டைவிடத் தாழ்ந்த முக்காலியில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் குழாயில் திரளும் நீர் முகத்துக்கு ஓடி வராமலிருக்க. நிரப்பிய கலத்தோடு கருவியைத் தூக்கக் கூடாது, மோட்டாருக்குள் நீர் புகும் என்று அம்மாவே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கலம் மாற்றிய தேதியும் அதன் கீழே இருக்கிறது, அப்பாவின் கையெழுத்தில்.