ஓம்புயிர் அறியாத விருந்தாளி

1890ஆம் ஆண்டு பம்பாய் மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளர்களுக்கென ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. மாநகராட்சி ஆணையர் அக்வொர்த்தின் முயற்சியால் எழுந்த அது, பின்னாளில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையாகி இன்றும் வடாலாவில் இயங்குகிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்து வாழ்ந்த நோயாளிகளைக் கைதுசெய்து இத்தகைய இடங்களில் அடைக்க வழிவகுத்தது. சுவர் எழுப்பினால் நோய் நிற்கும் என்பது அச்சட்டத்தின் உட்கிடை.

ஆனால் 1873இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியின் இயல்பு வேறு. அது பிறிதோர் உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும் ஒட்டுண்ணி. தன்னை விழுங்கி அழிக்க வேண்டிய விழுங்கணுக்களுக்குள்ளேயே அது குடியேறுகிறது. அவை ஏவும் ஆக்சிஜன் நஞ்சைத் தன் மேலுறையிலுள்ள கொழுப்புப்பொருளால் முறிக்கிறது. நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் அணுக்களிலும் ஒளிந்துகொள்கிறது. ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் அக்கிருமி, அறிகுறி காட்டச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகின்றன. சிலரிடம் 20 ஆண்டுகளும் ஆகலாம். உயிரணுவழி எதிர்ப்பு வலுத்த உடலில் நோய் சில தேமல்களோடு ஒடுங்குகிறது. அவ்வெதிர்ப்பு எழாத உடலில், எதிர்ப்பொருள்கள் மிகுதியாக உருவாகியும் பயனின்றிக் கிருமி பெருகுகிறது.

ஒட்டுண்ணிக்கு இடமளிக்கும் உயிரைத் தமிழ் அறிவியல் ‘ஓம்புயிர்’ என்கிறது. விருந்தோம்பலில் உள்ள அதே ‘ஓம்பு’தான் இது. வந்திருப்பது யாரென்று அறியாமலேயே உடல் ஓம்புகிறது.

காப்பகம் தோற்ற இடமும் இதுவே. உருக்குலைவு வெளிப்பட்டவர்களையே அது அடைத்தது. தொற்றோ பல்லாண்டுகளுக்கு முன்பே பரவியிருக்கக்கூடும். அடைக்கப்படுவோம் என்ற அச்சம், தொடக்கநிலை நோயாளிகளைத் தேமலை மறைக்கத் தூண்டியது. கிருமி உடலிடம் ஒளிந்தது. நோயாளி ஊரிடம் ஒளிந்தார்.

1976இல் மருத்துவர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் எதிர்த்திசையில் நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தோரின் வழியினர் வாழ்ந்த தாராவி போன்ற குடிசைப் பகுதிகளுக்கு மருத்துவமே சென்றது. அதற்குக் காரணம் உண்டு: உணர்விழந்த தேமல் வலிப்பதில்லை, வலியில்லாதவர் மருத்துவரைத் தேடி வருவதில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை, வீட்டிலிருந்தபடியே நோயைக் குணமாக்கியது.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை 2005இல் இந்தியா எட்டியது. எனினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். தேடுவது நின்றால், மீண்டும் ஒளிய அக்கிருமிக்குக் காலம் நிறையவே உண்டு.