சித்தப்பா மகனின் ரயில் பாஸ்

1972-இல் ஐரோப்பிய ரயில்வேக்கள் ஒன்றுசேர்ந்து ‘இன்டர்ரயில்’ என்றொரு பாஸ் வெளியிட்டன. சர்வதேச ரயில்வே சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக. 21 வயது வரையுள்ளவர்கள் ஒரு மாதம் 21 நாடுகளில் இஷ்டம்போல் சுற்றலாம். அந்த ஒரு வருடத்துக்கென்று ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது.

ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்குத்தான் அது. பாரிசில் என் சித்தப்பா மகன் வாங்கி வைத்திருந்தான். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை.

மறு வருடம் நான் அங்கே போயிருந்தபோது, சித்தப்பா எடுத்துக் கொடுத்த சாதாரண டிக்கெட்டில் தனியாக மாட்ரிட் புறப்பட்டேன். எல்லையில், இருன் ஸ்டேஷனில், விடியற்காலை இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். பிரெஞ்சுத் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினுடையது 1,668. நமக்கு இது புதிதா? மீட்டர் கேஜில் எழும்பூர் வந்து, மூட்டையோடு சென்ட்ரலுக்கு ஓடியவர்கள்தானே நாம்!

அப்போது ஸ்பெயினில் பிராங்கோ ஆட்சி. மற்றவர்களின் பாஸ்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தந்த போலீஸ்காரர், என்னுடையதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இந்தியன் என்கிறீர், பிரெஞ்சு இவ்வளவு நன்றாகப் பேசுகிறீரே?” என்றார். பள்ளிக்கூடத்தில் படித்தது என்றேன். நம்பினாரோ இல்லையோ, முத்திரை குத்தினார். அதற்குள் வண்டி நிறைந்துவிட்டது. நின்றுகொண்டேதான் போனேன்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம், ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“உன் பாட்டியை யார் பார்த்துக்கொள்வது?” என்றார்.