இலையும் குருதியும்: கண்டி மலைநாட்டுத் தோட்டங்களின் நோய் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பாடசாலை உயிரியல் நூல்களிலே தாவரங்களிற் பதார்த்தங்கள் கடத்தப்படும் முறை ஓர் அத்தியாயமாகவும், மனிதனின் குருதிச் சுற்றோட்டம் இன்னோர் அத்தியாயமாகவும், நோய்கள் பிறிதோர் அத்தியாயமாகவும் அமைவது வழக்கம். கற்பித்தல் வசதி கருதிய இப்பிரிவுகள், கண்டி மலைநாட்டின் வரலாற்றை நோக்குமிடத்துத் தகர்ந்துவிடுகின்றன. கோப்பியிலையை அழித்த பங்கசும் தோட்டத் தொழிலாளியின் குருதியை உறிஞ்சிய புழுவும் உயிரியல் வகையில் வேறானவை. ஆயின் இரண்டும் செழித்துப் பரவுதற்கான நிலைமைகளைத் தோற்றுவித்தது ஒரே உற்பத்தி முறையே என்பது மனங்கொளத்தக்கது.

1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்டும், பேராதனையை அடுத்த கன்னொறுவையில் ஆளுநர் எட்வேட் பாண்ஸும் தொடக்கிய கோப்பிச் செய்கை, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின்னர் கண்டியைச் சூழ்ந்த காடுகளை விரைந்து விழுங்கியது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்தது. கோப்பி இலக்கியத்தின் பாடுபொருளாக உயர்ந்த அதே ஆண்டில், மடுல்சீமையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்லி, அந்நோய்க்கிருமிக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார்.

1880இல் இலங்கை வந்து ஈராண்டுகள் ஆய்வு நிகழ்த்திய மார்ஷல் வார்ட், நோயின் போக்கினைத் தெளிவுபடுத்தினார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்திகள் காற்றில் வருவதை நிறுவினார். ஈரத்துளியில் முளைக்கும் வித்தி, இலையின் கீழ்ப்புறத்து இலைவாய்களினூடே உட்புகுந்து கலங்களின் உணவைக் கவர்கின்றது. வேரிலிருந்து காழ் வழியே நீர் ஏறினும், இலை உதிர்ந்தபின் ஒளித்தொகுப்பு நிகழ இடமில்லை. உரியம் வழியே காய்க்கும் வேருக்கும் செல்ல வேண்டிய வெல்லம் குன்றுகின்றது. கிளைகள் நுனியிலிருந்து மடிகின்றன. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை பங்கசுக்கு வாய்ப்பாயிற்று என்பதையும் வார்ட் எடுத்துரைத்தார். ஆனால் தோட்டத்துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது, தூவியவுடன் நோயை நீக்கும் மருந்தொன்றையே. பயிர்முறையை மாற்றுவதென்பது இலாபத்தின் அடித்தளத்தையே மாற்றுவதாகும்.

இவ்விலைகளிடையே உழைத்தோர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தோராவர். மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்த அவர்களுள் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். 1872இல் கோப்பி மாவட்டங்களுக்கென மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது உண்மையே. எனினும் தோட்டத்தினுள்ளே, நெருக்கமான லயன் அறைகளிலும் மலசலகூடமற்ற சூழலிலும், ஓசையின்றி வளர்ந்தது கொழுக்கிப்புழு நோய்.

அப்புழுவின் பயணம் குருதிச் சுற்றோட்டத்தின் பாதையேயாகும். மலத்துடன் வெளியேறும் முட்டைகள், ஈரமும் நிழலுமுள்ள மண்ணிற் பொரிக்கின்றன. குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நாளங்களிற் சேர்ந்து, இதயத்தின் வலப்புறத்தினூடே நுரையீரலை அடைகின்றன. அங்கிருந்து வாதனாளி வழியே தொண்டைக்கேறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் பற்றிக்கொள்கின்றன. நாள்தோறும் இழக்கப்படும் குருதியோடு இரும்புச்சத்தும் குன்ற, ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைகின்றது. ஏறுவதற்கு மூச்சு வாங்கும் தொழிலாளியைச் சோம்பேறி என வைதவர்கள், அவனது குருதிச்சோகையைக் கண்டிலர்.

தோல்வழி நுழைவை ஆர்தர் லூஸ் கெய்ரோவிற் கண்டறிந்தது 1898இலேயாகும். ஆகவே அதற்கு முந்திய அறியாமையை எவர்மீதும் சுமத்துதல் நேர்மையாகாது. ஆனால் அறிந்தபின் நிகழ்ந்ததே இங்கு ஆராயத்தக்கது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு மாத்தளைத் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. புழுநீக்கி மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலுடன் மீண்டும் இறங்கியபோது நோயும் மீண்டது. வேண்டியிருந்தவை மலசலகூடங்கள், அவற்றுக்கான செலவை ஏற்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினர். இலைக்கு மருந்தூள் தேடியவர்களின் மனப்பாங்கே இங்கும் தொழிற்பட்டது: நோயைத் தீர்க்க விழைந்தனர், நோய் விளையும் நிலைமையை மாற்ற விழைந்திலர்.

1884இல் ஓரியன்டல் வங்கி வீழ்ந்தது. கோப்பியை இழந்த மூலதனம் சிங்கோனாவையும் தேயிலையையும் நாடியது. லூல்கந்துரையில் 1867இலேயே ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டிருந்தார். சிறு துரைமார் பலர் அழிய, நிலம் கம்பனிகளின் கைக்கு மாறியது. பருவகாலப் பயிரான கோப்பியைப் போலன்றித் தேயிலை ஆண்டு முழுதும் உழைப்பை வேண்டியதால், தொழிலாளர் குடும்பங்களாக லயன்களிலேயே நிலைகொண்டனர். பயிர் மாறியது; ஒற்றைப்பயிர் முறையும் லயனும் மாறவில்லை.

வித்தி இலைக்குள் நுழையும் வழியை வார்ட்டும், புழு உடலுக்குள் நுழையும் வழியை லூஸும் காட்டினர். இலைவாயும் பாதத்தோலும் இயற்கை தந்தவை. இடைவெளியற்ற தோட்டமும் செருப்பில்லாக் காலும் மனிதரின் பொருளுறவுகள் தந்தவை. லயன் அறைகள் இன்னும் முற்றாக மறையாத நாட்டில், நோயின் உயிரியலை அதன் சமூக வரலாற்றுடன் இணைத்துக் கற்பிப்பது நமது கல்வியின் கடமையாகும்.