உளியும் துருவும்

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டை அடுத்த நாகலூரில், ஐப்பசி மாதத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது, நேற்று மாலை பளபளவென்று தீட்டி வைத்த உளியின் வாயில் இன்று காலை செம்மண் நிறத்தில் ஒரு பூச்சுப் படிந்திருக்கும். காப்பித் தோட்டங்களுக்கு உகந்த இந்த ஈரம் எஃகுக்குப் பகை. இத்தகைய ஊரில் ஒருவர் ஓய்வு நேரத்தில் கிதார் செய்ய முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மரம் தேடுவதற்கு முன்பாகவே அவர் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. கருவிகளை எங்கே, எப்படி வைப்பது? கேட்பதற்குச் சிறிய வினாதான். ஆயினும் மைக்கேல் ஃபாரடே போன்ற ஒருவரே இதன் ஒரு பகுதிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்.

வீடு கட்டும் தச்சருக்கு உளியில் லேசான துரு பெருங்குறை அன்று. இசைக்கருவி செய்வோர் நிலை வேறு. கிதாரின் கழுத்துப் பலகையில் மெட்டுக் கம்பிகளைப் பதிப்பதற்காக அறுக்கும் காடியின் அகலம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். மேற்பலகையின் தடிப்போ 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. துரு என்பது எஃகின்மேல் வந்து ஒட்டிய அழுக்கு அன்று. இரும்பே ஆக்சிஜனுடனும் நீருடனும் கூடித் துருவாக மாறிவிடுகிறது. ஆகவே துருவைத் தேய்த்து எடுத்தால் அவ்விடத்தில் குழிதான் எஞ்சும். உளியின் பின்பக்கம் குழி விழுந்துவிட்டால், சாணைக்கல்லில் எவ்வளவு தீட்டினாலும் வாய் அந்த இடத்தில் பல் போனதாகவே இருக்கும். சீவும் பலகையில் ஒவ்வொரு முறையும் கோடு இழுக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சேர்வராயன் மலையின் அடிவாரத்திலுள்ள சேலம் நாடு எஃகுக்குப் பெயர் பெற்றது. கஞ்சமலையின் இரும்புத்தாதுவை யாவரும் அறிவர். சென்னை மாகாணத்தில் கம்பெனி அலுவலராக இருந்து, பின்னர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை அமைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், இங்குள்ள கொல்லர்கள் எஃகு செய்த முறையை விவரித்துள்ளார். இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, எருக்கிலை கொண்டு மூடி, மண் மூசையில் அடைத்து ஊதுலையில் உருக்குவார்கள். கட்டையும் இலையும் கரியைத் தரும். அக்கரி சிறிதளவு இரும்பில் கலப்பதே எஃகின் கடினத்துக்குக் காரணம். ஹீத் பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அம்முறையால் பெரும் பயன் அடைந்தன. அவருக்குக் கிடைத்ததோ நீண்ட வழக்கு. 1851இல், அது முடியும் முன்பே அவர் காலமானார்.

தென்னிந்தியாவின் இந்த மூசை எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்தனர். லண்டனில் அறுவைக் கருவிகள் செய்து விற்றுவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதன் கூரில் மயங்கியவர். இளைஞரான ஃபாரடே அவருடன் சேர்ந்து ஊட்ஸை ஆராய்ந்து 1819இல் தம் பகுப்பாய்வை வெளியிட்டார். ஊட்ஸின் சிறப்புக்கு அதிலுள்ள சிலிக்கா, அலுமினா ஆகியவையே காரணம் என்று அவர் கருதியது பிற்காலத்தில் தவறெனத் தெரிந்தது. நமக்கு முக்கியமானது அடுத்த ஆண்டு ஆராய்ச்சி. அதில் இருவரும் இரண்டு வினாக்களை முன்வைத்தனர். தூய எஃகைக் காட்டிலும் நன்றாக வெட்டும் உலோகக் கலவை ஒன்றை உண்டாக்க இயலுமா? அது எஃகைவிடக் குறைவாகத் துருப்பிடிக்குமா? வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தனர். நிக்கல் கலந்த இரும்பு துருவைச் சற்று எதிர்த்தது. நிக்கல் கலந்த எஃகோ சாதாரண எஃகைவிட விரைவாகத் துருப்பிடித்தது! 1823இல் ஸ்டோடார்ட் இறந்தார். துருப்பிடிக்காத கூர்வாய் அவர்களுக்குக் கிட்டவில்லை.

பின்னர் 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்து துருவேறா எஃகை உருவாக்கினார். ஆனால் அவ்வூர்க் கத்தி வணிகர்கள் அதை முதலில் வெட்டாத கத்தி என்று எள்ளினர். அதில் ஓரளவு உண்மை இருந்தது. கூருக்குக் கரி வேண்டும். கரியை மிகுத்தால் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க எஞ்சும் குரோமியம் குறைந்துவிடுகிறது. இன்று இரண்டையும் ஓரளவு இணைத்துவிட்டார்கள் என்றாலும், மரவேலை உளிகளும் இழைப்புளி அலகுகளும் பெரும்பாலும் துருப்பிடிக்கும் எஃகாகவே இருக்கின்றன. கஞ்சமலை அடிவாரத்தில் 1981 முதல் சேலம் உருக்காலை துருவேறா எஃகுத் தகடுகளை உருவாக்கி வருகிறது. அத்தகட்டில் சமையல் பாத்திரம் செய்யலாம், நல்ல உளி செய்ய இயலாது.

எஃகை மாற்ற முடியாவிட்டால் அதைச் சூழ்ந்த காற்றையாவது மாற்றலாம் அல்லவா? இவ்வழியில் சென்றவர் டபிள்யூ. எச். ஜே. வெர்னான். 1920களில் அவர் ஓர் இரும்புத் துண்டைத் தொடாதபடி மெல்லிய மஸ்லின் துணியால் கூண்டு கட்டி அறையில் தொங்கவிட்டார். அதே அறையில் கூண்டின்றித் தொங்கிய துண்டு துருப்பிடித்தது. கூண்டுக்குள் இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. துணியால் ஈரத்தைத் தடுக்க இயலாது. அது தடுத்தது தூசியை. தூசித் துகள் காற்றிலுள்ள ஈரத்தையும் உப்பையும் அமிலத்தையும் பற்றிக்கொண்டு எஃகின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. கருவிகளைத் துணியில் சுருட்டிக் கட்டிவைக்கும் பழைய வழக்கத்தின் பெருமையை இச்சோதனை விளக்குகிறது. 1935இல் அவர் மற்றொன்றையும் காட்டினார். மாசு கலந்த காற்றிலும், ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்வரை இரும்பு மிக மெதுவாகவே துருப்பிடிக்கிறது. அதைத் தாண்டியதும் வேகம் சட்டென உயர்கிறது.

இதை நாகலூருக்குப் பொருத்திப் பார்ப்போம். மாலையில் வெப்பநிலை 20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்க. ஒரு கன மீட்டர் காற்றில் அப்போது 13.8 கிராம் நீராவி இருக்கும். இரவில் 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் அக்காற்று தாங்கக்கூடியது 12.8 கிராம் மட்டுமே. மீதி ஒரு கிராம் பனித்துளியாக இறங்கும். அரை கன மீட்டர் கொள்ளளவுள்ள இரும்பு பீரோவில் இது அரை கிராம், அதாவது சுமார் பத்துச் சொட்டு. சொட்டுகள் எங்கே விழும்? பீரோவின் தகட்டிலும் குளிர்ந்த கருவிகளிலும்தான். அதே அளவுள்ள மர அலமாரி 20 கிலோ எடையுள்ளது என்றால், அதன் ஈரம் ஒரு விழுக்காடு உயர்வதற்கே 200 கிராம் நீர் வேண்டும். அரை கிராமை மரம் ஓசையின்றி உறிஞ்சிக்கொள்ளும். பகலில் திரும்பக் கொடுத்துவிடும். பூட்டுப் போட்ட இரும்பு பீரோவே பாதுகாப்பு என்று நம்மவர்கள் நினைப்பது திருடனைப் பொறுத்தவரை சரி. துருவைப் பொறுத்தவரை சரியன்று.

ஃபாரடேயின் எஃகுத் துண்டுகள் 79, ஒரு மரப்பெட்டியில்தான் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. பெட்டியின்மேல் பெயர் எழுதப்பட்டிருந்தது. 1931இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றைப் பகுத்தாராய்ந்து நூலாக வெளியிட முடிந்ததற்கு அப்பெட்டிக்கும் பெயருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயர் எழுதாத துண்டு ஆராய்ச்சிக்கு வெறும் இரும்பு.

இசைக்கருவி உலகிலும் இதற்குச் சான்று உண்டு. 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் பட்டறைப் பொருள்களை அவர் மகன் பாவ்லோவிடமிருந்து 1775-76இல் கோசியோ பிரபு வாங்கினார். 1920இல் ஜுசெப்பே ஃபியோரினி என்ற வயலின் கலைஞர் அவற்றைப் பெற்று, 1930இல் கிரெமோனா நகருக்கு வழங்கினார். பெரும்பகுதி மர அச்சுகளும் காகித வடிவங்களும். எந்த வடிவம் எதற்கு என்று ஸ்ட்ராடிவாரியே எழுத்தும் குறிப்பும் இட்டு வைத்ததால்தான் இன்றைய ஆய்வாளர்கள் அவர் முறையை ஓரளவேனும் படிக்க முடிகிறது.

அமெரிக்காவில் ஹென்றி ஸ்டட்லி என்ற பியானோத் தொழிலாளர், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் அரை மீட்டர் அகலமும் உள்ள சுவர்ப்பெட்டி ஒன்றில் சுமார் 300 கருவிகளை அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே இடம்; அடுக்குகள் கதவுபோல் திறக்கும். ஒரு கருவி திரும்பி வரவில்லையென்றால் அதன் வெற்றிடம் கண்ணில் குத்தும். கருவிகள் ஒன்றோடொன்று உரசாததால் வாய் மழுங்காது. கருங்காலியும் முத்துச்சிப்பியும் இழைத்த அலங்காரம் நமக்குத் தேவையில்லை. தனித்தனி இடம், உரசாத வாய், தூசி புகாத கதவு ஆகிய மூன்றும் பலா அல்லது சில்வர் ஓக் பலகையில் எவரும் செய்துகொள்ளக் கூடியவை.

மரப்பெட்டி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யுமே தவிர, வாரக்கணக்கில் மேகம் சூழ்ந்திருந்தால் அதுவும் ஈரமாகிவிடும். 15 டிகிரியில் முற்றிலும் ஈரமான காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும் ஒப்பு ஈரப்பதம் 74 விழுக்காடாகவே இருக்கும். 25 டிகிரியில்தான் 56க்கு இறங்கும். பெட்டிக்குள் பல்பு எரியவிடுவோர் உண்டு. மரத்தூள் படிந்த இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். ஆனால் பெட்டியின் மூடி இறுக்கமாக இல்லையெனில் ஜெல் நாகலூர்க் காற்று முழுவதையும் உலர்த்த முயன்று தோற்றுப்போகும்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடித்து அமிலமும் கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் மேல். எந்த எண்ணெயானாலும் வேலைக்கு முன் துடைத்தாக வேண்டும். எண்ணெய் பட்ட மரத்தில் வச்சிரம் ஒட்டாது. ஒட்டாத கிதார், கம்பியின் இழுவிசையில் பிளந்துவிடும். அதற்குத் தேன்மெழுகை மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்துவிடுவது ஓரளவு நல்ல வழி. வேலை முடிந்ததும் கைவியர்வையைத் துடைத்த பிறகே கருவியைப் பெட்டியில் வைக்க வேண்டும். வியர்வையில் உப்பு இருக்கிறது. விரல் பட்ட தடம் அப்படியே துருத்தடமாக மறுநாள் எழும்பும்.