கடகம் விற்று வாங்கிய புத்தகங்கள்

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கையில் அதிபர்களும் கட்டடங்களும் பரிசளிப்பு விழாக்களும் முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. அவற்றைப் பற்றி இம்மலரில் எழுதப் பலர் உளர். யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் கைவேலை புத்தகமாக மாறிய கதையை நாம் இங்கு சொல்ல விரும்புகிறோம்.

இங்கு பெண்கல்வி தொடங்கிய காலத்திலேயே ஊசியும் ஏடும் சேர்ந்து வந்தன. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தபோது வாசிப்பு, எழுத்துடன் தையலும் கற்பிக்கப்பட்டது. பிள்ளைகளின் செலவுக்கு அமெரிக்காவில் உள்ளோர் பணம் சேர்த்து அனுப்பினர். பணம் கொடுத்தவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் அன்று மிஷன் பாடசாலைகளில் இருந்தது. இதனால் கொடுத்தவரின் பெயர் நிலைத்தது. தாய் தகப்பன் வைத்த பெயர் பல வேளைகளில் மறைந்துபோயிற்று.

யாழ். பொது நூலகமும் சிறிய காசில்தான் தொடங்கியது. 1933இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலேயே ஒரு வாசிகசாலையை ஆரம்பித்தார். ஊரவரிடம் சேர்ந்த 1,184 ரூபா 22 சதத்தையும் 844 நூல்களையும் கொண்டு, 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி வைத்தியசாலை வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. பின்னர் பெரிய கட்டடம் எழுப்புவதற்காகக் களியாட்ட விழாவும் இசை நிகழ்ச்சிகளும் நடத்தி, அதிர்ஷ்டலாபச் சீட்டும் விற்றார்கள். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959 ஒக்டோபர் 11இல் கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய பெரியோர் யாரென்பதை வரலாறு சொல்லும். அந்த இருபத்திரண்டு சதம் எந்த வீட்டு உண்டியலிலிருந்து வந்தது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

எமது பாடசாலை நூலகம் எம் காலத்தில் இரண்டு அலுமாரிகள்தாம். அவற்றை நிரப்புவதற்காகவே கைப்பணி விற்பனை வைத்தோம். ரேந்தை பின்னினோம், தலையணை உறைகளில் பூ வேலை செய்தோம். ஆனால் முதலில் விற்றுத் தீர்ந்தவை பனையோலைப் பொருட்களே: கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, விசிறி, தடுக்கு. குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சிலவற்றைக் கொதிக்கும் சாயத்தில் தோய்த்து எடுப்போம். பெட்டியின் மூலை திரும்பும் இடத்தில் எம்மில் பலருக்குப் பிழைத்துவிடும்.

அதைத் திருத்தித் தந்தவர் பாடசாலைக்கு அண்மையில் வசித்த ஓர் ஆச்சி. பொத்தல் வாயைச் சிரித்து மூடிக்கொண்டு, பிழைத்த இழையைப் பிரித்து மறுபடி எம்மையே இழைக்கச் சொல்வார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. விற்பனைப் பணத்தில் வாங்கிய புத்தகங்கள் வந்த அன்று ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கத்தைத் திருப்பி, தாள்களைத் தைத்த நூலை விரலால் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்றார்.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் பொது நூலகம் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. அந்நாட்களிலேயே பூபாலசிங்கம் புத்தகசாலையும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் அந்த நெருப்பில் போயின. எமக்கு அப்போது ஆச்சியின் கைதான் நினைவுக்கு வந்தது. அறிவைச் சுமந்த ஓலையும் அரிசியைச் சுமந்த ஓலையும் ஒரே பனையில் இருந்து வந்தவை அல்லவா?

இம்மலரின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியல் இடம்பெறுகிறது. அவர்களுக்கு எமது நன்றி. அதே பட்டியலில் ஓலை வார்ந்தவர், ரேந்தை பின்னியவர், சந்தியில் நின்று விற்றவர் பெயர்களும் வரவேண்டும் என்று விரும்புகிறோம். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள சகோதரிகளே, நினைவில் உள்ள பெயர்களைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

ஆச்சியின் பெயரை நாம் கேட்டதேயில்லை. 'ஆச்சி' என்றுதான் கூப்பிட்டோம். தெரிந்தவர் எவரேனும் இருந்தால் அந்தப் பெயரை முதலில் அனுப்புங்கள்.